மை தெரியும் ஜன்னல் பிறந்த கதை

பேனாவுக்குள் மை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பது எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய கவலை. கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பஸ் ஏறி மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் படிக்கப் போன தலைமுறை, பரீட்சை நாளில் பேனாவைக் கழற்றிப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை. கழுத்தைத் திருகி, உள்ளே எட்டிப் பார்த்து, ஃபில்லரால் நாலு சொட்டு விட்டு, நிப்பைத் தலைமுடியில் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அப்படியும் பாதிப் பரீட்சையில் பேனா நின்றுவிடும். பக்கத்துப் பையன் பெஞ்சின் மேல் ரெண்டு சொட்டு மை விடுவான். நிப்பை அதில் வைத்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

நாங்கள் இந்தப் பாடு படுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே இதற்கு மருந்து கண்டுபிடித்து விற்பனைக்கும் விட்டிருந்தார்கள். 1929-ல், ஜெர்மனியில், ஹானோவர் நகரத்தில். மருந்து இதுதான்: பேனாக் கழுத்துக்கு மேலே கட்டை விரல் நகம் அகலத்துக்கு ஒரு பச்சை ஜன்னல். அதன் வழியே மை தெரியும்.

இதைக் கொண்டுவந்த கம்பெனி பேனாக் கம்பெனி இல்லை, மைக் கம்பெனி. 1838 முதலே மையும் வர்ணமும் விற்றுவந்த குந்தர் வாக்னர் நிறுவனம், பெலிக்கன் பறவையை முத்திரையாக வைத்துப் பேர் வாங்கியிருந்தது. மை விற்றுப் பிழைக்கிறவனுக்கு மை வெளியே தெரிவதில் என்ன கூச்சம்? மற்றப் பேனாக்காரர்கள் பேனாவை நகையாகப் பார்த்தார்கள். இவர்கள் அதைச் சட்டைப்பையில் வைக்கிற மைப்புட்டியாகப் பார்த்தார்கள். ஜன்னல் இவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் முதலில் மை பேனாவின் உடம்புக்குள் நேராக நிற்க வேண்டும். அன்றைக்கு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட பேனாக்களில் அப்படி நிற்கவில்லை. உள்ளே ஒரு ரப்பர் பை. வெளியே ஒரு சின்ன நெம்புகோல். நெம்பினால் பை அமுங்கும், விட்டால் மையை இழுக்கும். ஷேஃபர் அந்த வழியில்தான் பெரிய கம்பெனி ஆனது. ரப்பர் பைக்கு வெளியே ஜன்னல் வைத்து என்ன பிரயோஜனம்? பைதான் தெரியும்.

இந்த இடத்தில் ஜாக்ரெப் நகரத்துக்குப் போக வேண்டும். இன்றைய குரோஷியாவின் தலைநகர். அங்கே ஸ்லாவோல்யுப் பெங்கலா என்ற கண்டுபிடிப்பாளர் 1906-ல் இயந்திரப் பென்சிலும் அடுத்த வருஷம் திட மைப் பேனாவும் செய்து, பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். 1922-ல் அவர் இறந்துபோனார். அந்தத் தொழிற்சாலையோடு தொடர்புடைய தியோடர் கோவாச் என்ற பொறியாளர் 1920களின் நடுவில் ஒரு பிஸ்டனை வடிவமைத்தார். பேனாவின் பின்குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் இறங்கும். எதிர்ப்பக்கம் திருகினால் மையை இழுத்துக்கொண்டு ஏறும். பிஸ்டன் என்பது அதற்கு முன்பும் உண்டு. கோவாச் செய்தது மரையில் ஒரு வித்தை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மரைகள்; குமிழ் வெளியே கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே பிஸ்டன் அதைவிட அதிகம் நகரும். நீளமான தண்டு பேனாவுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு வராது. ஊசி மருந்து போடுகிற சிரிஞ்சின் தண்டை உள்ளேயே மடக்கி வைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்ரெப் தொழிற்சாலை நொடித்துப்போக, 1927-ல் காப்புரிமைகளை பெலிக்கன் வாங்கிக்கொண்டது. இரண்டு வருஷத்தில் பேனா கடைக்கு வந்தது. நிப்பு செய்ய அவர்களுக்கு அப்போது தெரியாது. ஹாம்பர்க்கில் மோன்ட் பிளாங்க் கம்பெனியிடம் வாங்கிப் போட்டார்கள். இன்றைக்குப் பரம வைரிகளாக விற்கிற இரண்டு பேரும் அன்றைக்குக் கூட்டாளிகள்.

அந்த முதல் பேனாவின் கட்டமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். உள்ளே முழு நீளத்துக்கும் ஒளி ஊடுருவும் பச்சைக் குழல். அதன் மேல் பச்சையிலோ கறுப்பிலோ ஒரு உறை சுற்றப்பட்டிருக்கும். உறை கழுத்து வரைக்கும் வராமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். அந்த இடைவெளிதான் ஜன்னல். தனியாக ஓட்டை போட்டுக் கண்ணாடி பதிக்கவில்லை. மூடாமல் விட்ட இடம், அவ்வளவுதான். நிப்பைக் கீழே பிடித்தால் மிச்ச மை அங்கே வந்து சேரும். அதனால்தான் ஜன்னல் கழுத்துப் பக்கம், நடுவில் இல்லை. 1950-ல் வந்த பெலிக்கன் 400-ல் இன்னொரு படி போனார்கள். உடம்பு முழுக்க மெல்லிய கோடுகள். ஒரு கோடு பச்சை, அடுத்தது ஒளி புகுவது. மேசையில் கிடந்தால் கோடு போட்ட பேனா, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் பேனா முழுவதுமே ஜன்னல். ஸ்ட்ரெஸ்மான் என்ற ஜெர்மன் அமைச்சர் அணிந்த கோடு போட்ட கால்சட்டையை நினைத்து அதற்கு அவர் பெயரையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. 1933-ல் பார்க்கர் கம்பெனி வாக்குமேட்டிக் என்ற பேனாவை இறக்கியது. செல்லுலாய்டு வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கடைந்த உடம்பு. ஒரு வளையம் முத்துப் பளபளப்பு, அடுத்த வளையம் ஒளி புகுவது. காங்க்ளின் கம்பெனியின் நோஸாக் பேனாவில் இன்னும் வேடிக்கை. உடம்பில் அளவுகோல் மாதிரிக் கோடு போட்டு, இன்னும் எத்தனை ஆயிரம் வார்த்தை எழுத மை இருக்கிறது என்று எண் குறித்திருந்தார்கள். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட உருப்படியான பேனா அதற்குப் பிறகு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, பேனாவின் கனத்துக்கு வருவோம். ஜன்னலுக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பிஸ்டன் பேனா ஒன்றில் அடங்கும் மை சுமார் ஒன்றரை மில்லி. அதாவது ஒன்றரை கிராம். பெலிக்கன் 400 வகைப் பேனாவின் எடை பதினைந்து கிராம் அளவில் இருக்கும். மை நிறைந்திருப்பதற்கும் தீர்ந்துபோவதற்கும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். தினமும் அதே பேனாவில் எழுதுகிற கைக்கு அது லேசாகத் தட்டுப்படும். 1987-ல் பெலிக்கன் தன் பெரிய பேனாவான எம் 800-ஐக் கொண்டுவந்தது. பிஸ்டன் இயந்திரத்தைப் பித்தளையில் செய்ததால் எடை முப்பது கிராமை நெருங்கியது. பித்தளை பின்பக்கம் இருப்பதால் பேனா கட்டைவிரல் பள்ளத்தில் சாய்ந்து உட்காரும். நிறைய பேருக்கு அந்தச் சாய்மானம் பிடித்திருக்கிறது. எழுத்து தானாக ஓடும் என்பார்கள். எனக்கு நாலு பக்கத்துக்கு மேல் மணிக்கட்டு வலிக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அது ருசி. அந்த எடையில் ஒன்றரை கிராம் மை எங்கே தெரியப்போகிறது? பேனா கனக்கக் கனக்க, மை தீர்வதைக் கை அறியாது. கண்தான் அறிய வேண்டும். கனமான பேனாவுக்குத்தான் ஜன்னல் அதிகம் தேவை.

நடந்ததோ நேர் எதிர்.

வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பித்தளை எட்டு மடங்கு. எபோனைட்டும் செல்லுலாய்டும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆகையால் கனத்தை வைத்து விலை உயர்ந்த பேனா என்று காட்ட வேண்டுமென்றால் உலோகம் போர்த்த வேண்டும். போர்த்தினால் ஜன்னல் போய்விடும். எண்ணிக்கை சொல்லி விற்கும் 'லிமிடெட் எடிஷன்' பேனாக்களின் ஆரம்பத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1715-ல் ஃப்ளோரிடாக் கரையில் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து எடுத்த வெள்ளியை உருக்கி, 1965-ல் பார்க்கர் 75 பேனாக்கள் 4,821 செய்தார்கள். பேனா உலகத்தில் எண்ணிக்கை கட்டி விற்ற முதல் பெரிய வரிசை அதுதான் என்பார்கள். முழு வெள்ளி உடம்பு. புதையல் கப்பலின் கதை உண்டு, கனம் உண்டு, ஜன்னல் கிடையாது. 1992-ல் மோன்ட் பிளாங்க் கலைப் புரவலர் வரிசையைத் தொடங்கி, லோரென்சோ தெ மெதிச்சி பெயரில் 4,810 வெள்ளிப் பேனா விட்டது. மோன்ட் பிளாங்க் மலையின் உயரம் மீட்டரில் 4,810 என்று கணக்கு. அந்த வரிசையிலிருந்துதான் லிமிடெட் எடிஷன் வியாபாரம் சூடு பிடித்தது.

ஒரே பேனாவில் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமானால் லேமி 2000 இருக்கிறது. 1966-ல் கெர்ட் முல்லர் வடிவமைத்தது. இன்றைக்கும் அச்சு மாறாமல் வருகிறது. மேக்ரோலான் என்ற பிளாஸ்டிக் உடம்பு, எடை சுமார் இருபத்தைந்து கிராம். கழுத்தருகே கோடு கோடாக ஒரு ஜன்னல். இருக்கிறது என்று சொன்னால்தான் கண்ணில் படும். அதே பேனாவைப் பின்னாளில் துருப்பிடிக்காத எஃகிலும் செய்தார்கள். எடை இரண்டு மடங்கு ஆனது, ஜன்னல் காணாமல் போனது, விலை ஏறியது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு, அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. 2009 காந்தி ஜெயந்தியை ஒட்டி மோன்ட் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரில் 241 பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் தூரம் 241 மைல் என்று கணக்கு. பதினெட்டு காரட் தங்கம். ராட்டையில் சுற்றிய நூல் மாதிரி பேனாவின் மேல் தங்கக் கம்பி. கிளிப்பில் காவி நிறக் கல். நிப்பில் கோலூன்றி நடக்கும் காந்தி. விலை 11 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். உப்புக்காக நடந்த நடையை எண்ணித் தங்கத்தில் கம்பி சுற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் போய்க் கிழக்கே திரும்பினால் மரக்காணம் உப்பளம் வரும். அங்கே வரப்பில் உப்பு வாருகிறவரிடம் இந்த விலையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் இந்தப் பேனாவை எதிர்த்து வழக்கு வந்தது. தேசத் தலைவர்களின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டினார்கள். 2010-ல் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

காந்தி உண்மையில் பாராட்டிய பேனா வேறு. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் கையால் கடைந்த சுதேசிப் பேனாவை அவரிடம் கொண்டு சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, கிராமக் கைத்தொழிலுக்கே வாழ்வைக் கொடுத்த நம் ஆள். 1935 ஜூலையில் வார்தாவிலிருந்து காந்தி ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார்: பேனாவைப் பயன்படுத்திப் பார்த்தேன், கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரிகிறது என்கிற பொருளில். எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

ரத்னம் பேனாவின் இனம்தான் தமிழ்நாட்டுக் கட்டைப் பேனாக்களும். சென்னை பாரிமுனையில் 1920களிலிருந்து ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரில் ரங்கா, நிப்புக்குச் சாத்தூர் என்று ஒரு முழு உலகம் இங்கே இருந்தது, இருக்கிறது. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்த எபோனைட் கம்பியை லேத்தில் கடைவார்கள். கடையும்போது கந்தக வாடை அடிக்கும். முடிந்த பேனா கைக்குச் சூடேறி இதமாக இருக்கும், எடை பஞ்சு. உள்ளே ரப்பர் பையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. உடம்பே மைக்கூடு. ரப்பர் பை நம் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் செய்யச் செலவு. ஃபில்லரால் ஊற்று, மூடு, எழுது.

அதிலும் ஒரு கோளாறு உண்டு, அதுவும் ஜன்னலைப் பற்றியதே. இந்தப் பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கினால் மீதி இடமெல்லாம் காற்று. கைச்சூட்டில் காற்று விரியும். விரிந்தால் மையை வெளியே தள்ளும். விடைத்தாளில் திடீரென்று ஒரு சொட்டுப் பொட்டு விழுவது இதனால்தான், பேனா மட்டம் என்பதால் இல்லை. மை எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் சரியான நேரத்தில் ஊற்றிக்கொள்ளலாம். எபோனைட்டோ இருட்டு. ஜப்பானியர்கள் அரக்குச் சித்திரம் தீட்டி லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் பெரிய பேனாக்களும் இதே எபோனைட், இதே ஃபில்லர்தான். அங்கே சொட்டாமலிருக்க உள்ளே ஒரு அடைப்புத் தண்டு வைத்தார்களே தவிர ஜன்னல் வைக்கவில்லை; வைத்தால் சித்திரம் கெடும். திருவள்ளூர் ரங்கா இப்போது அக்ரிலிக்கிலும் கடைகிறது. ஒளி புகும் அக்ரிலிக்காக எடுத்தால் எடையும் ஏறாது, மையும் தெரியும். பரிசாக வைத்துக்கொள்ள உலோகப் பேனா வாங்குகிறவர்களை நான் தடுக்கவில்லை. அது நகை, நகைக்குள்ள மரியாதை அதற்கு.

எழுதுவதற்கு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். எத்தனையில் எத்தனையாவது பேனா என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைக் கடைசியில் படியுங்கள். முதலில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவைப் பிடித்து நாலு வரி எழுதுங்கள். பிறகு நிப்பைக் கீழாக்கி வெளிச்சத்துக்கு எதிரே தூக்குங்கள். மை எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், அந்த விலைக்கு அது குறையுள்ள பேனா என்று கடைக்காரரிடமே சொல்லிவிடுங்கள்.