படம் பார்க்குமுன்பே தெரிந்த முடிவு

மார்ச்சுத் திங்களில் ஒரு மாலை, விளாங்குடிப் படிப்பகத்தில் எழுவர் கூடியிருந்தோம். அமெரிக்க நாட்டு ஆஸ்கார் பரிசு இவ்வாண்டு எந்தப் படத்துக்கு என்பது பேச்சு. பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. தோற்றவர் எல்லோருக்கும் தேநீரும் வடையும் வாங்கித் தரவேண்டும். படங்களைத் தேடிப் பார்த்த நாங்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். பஞ்சாலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அவற்றில் ஒன்றையும் பாராதவர், ஒவ்வொரு படத்தின் கதையையும் இரண்டே வரியில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதில் அழுகை அளவோடு இருக்கிறது, கடைசியில் எல்லோர் மனமும் சாந்தமாகிறது, பரிசு இதற்குத்தான்" என்றார். வென்றார். வடையும் தின்றார்.

சிரித்தோம். பிறகு சிந்தித்தோம். பாராத படத்தின் பரிசை ஒருவர் சொல்ல முடிகிறதென்றால், அது அவர் அறிவின் கூர்மையா, பரிசின் மழுங்கலா? முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் படைப்பதும், அதற்கே மாலை சூட்டுவதும் இன்று பிறந்த வழக்கமா?

அன்று. மதுரைக்காரர்களாகிய நமக்கு அது நன்கு தெரியும். 1918-ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகள் இந்நகரில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். சிறுவர்களே அரசர், சிறுவர்களே அரசியர். விடிய விடிய நாடகம். கோவலன் நாடகம் மதுரையில் நடக்கும்போது, அவன் கொலையுண்பான் என்பதை அறியாத ஒருவர் அந்தக் கொட்டகையில் இருந்திருப்பாரா? அவன் வெட்டுண்ட ஊரே இதுதானே! வள்ளி வேலனை மணப்பாள் என்பதும் பாலுண்ணும் குழந்தைக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முடிவுக்காக வரவில்லை அவர்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக வந்தார்கள். இன்று எந்தக் கேள்வி, இன்று எந்த விடை என்று அறிய வந்தார்கள். ஆகவே முடிவு முன்பே தெரிவதை மட்டும் குற்றமென்று சொல்லிவிட முடியாது. அந்தப் பழைய மேடைமீது நமக்குள்ள வழக்கு வேறு: விடிய விடிய வினா எழுப்பியவர்கள், வருணத்தையும் வைதீகத்தையும் பற்றி மட்டும் வினா எழுப்பவில்லை. 1931-இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியபின் வெள்ளித்திரையும் நெடுங்காலம் அந்தப் பாதையிலேயே நடந்தது.

1952-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் 'பராசக்தி' வந்தது. மதுரையில் புதிதாக எழுந்த தங்கம் கொட்டகையில் திரையிடப்பட்ட முதற்படம் அது. ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று அந்நாளில் பெருமை பேசப்பட்ட இடம். இன்று அக்கொட்டகை இல்லை. அந்தப் படத்தின் கதையைக் கவனியுங்கள். பிரிந்த அண்ணன்மார், தவிக்கும் தங்கை, இறுதியில் சேர்க்கை. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகமாக ஏற்கெனவே மேடை கண்ட கதை. குடும்பம் ஒன்றுசேரும் என்பதை நம் பஞ்சாலை நண்பர் முதல் அரைமணியிலேயே சொல்லியிருப்பார். ஆனால் கோவிலுக்குள் பூசாரி என்ன செய்வான், நீதிமன்றத்தில் குணசேகரன் என்ன கேட்பான் என்பதை எவர் சொல்லியிருக்க முடியும்? கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல் அங்கேதான் வெடித்தது. பழமை விரும்பிகள் தடைசெய் என்று கூவினர். முடிவு பழையது, கேட்கப்பட்ட கேள்வி புதியது.

டில்லி அரசின் திரைப்படப் பரிசுகள் 1954-இல் தொடங்கின. முதற்பரிசு 'சியாம்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்கு. அடுத்த ஆண்டு தமிழுக்கும் ஒரு வெள்ளிப்பதக்கம் கிட்டியது. எதற்கு? எம்.ஜி. இராமச்சந்திரன் நடித்த 'மலைக்கள்ளன்' படத்துக்கு. கதை நாமக்கல் கவிஞருடையது. வசனம், ஆம், அதே கருணாநிதியுடையது! தடைசெய் என்று கூச்சல் கேட்ட எழுதுகோலுக்கு மூன்றே ஆண்டில் குடியரசுத் தலைவரின் பதக்கம் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே 1954-இல் வந்தது எம்.ஆர். ராதாவின் 'இரத்தக்கண்ணீர்'. பரிசுப் பட்டியலில் அதன் பெயரைக் காணோம். பணக்காரன் பணத்தை ஏழைக்கு அள்ளித்தரும் முகமூடி வீரன் கதை யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. மேடைதோறும் மூடநம்பிக்கையை உரித்துக் காட்டிய ராதாவின் குரலோ கெடுக்கும். எழுபதாண்டு கடந்தபின் எந்தப் படத்தின் வசனத்தை நம் தெருப்பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

கடல் கடந்த கதையும் வேறன்று. ஆஸ்கார் விழா முதன்முதல் 1929 மே 16-இல் நடந்தபோது, வென்றவர் பெயர்கள் மூன்று திங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தன. விழாவே கால்மணி நேரம்! பந்தயத்துக்கு வழியே இல்லை. 1940-இல் ஒரு நாளேடு விழாவுக்கு முன்பே முடிவுகளை அச்சிட்டுவிட்டதால், மறு ஆண்டிலிருந்து முத்திரையிட்ட உறை வந்தது. அந்த 1940 விழாவில்தான், 'கான் வித் தி விண்ட்' படத்தில் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் துணைநடிகைப் பரிசைப் பெற்றார். ஆஸ்கார் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். எங்கே அமர்ந்திருந்தார் தெரியுமா? தம் படத்தின் நடிகர்களோடு அல்ல. சுவரோரம், தனி மேசையில். கறுப்பரை உள்ளே விடாத விடுதி அது. படத்தயாரிப்பாளர் சொல்லித்தான் அவரை அனுமதித்தார்கள். அவருக்குப்பின் இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக அப்பரிசைத் தொட 1991 வரை, ஐம்பத்தோராண்டு, ஆயிற்று. உறைக்கு முத்திரை இட்டார்கள். உள்ளத்துக்கு இட்டிருந்த முத்திரையை உடைக்கத்தான் அத்தனை காலம். டீக்கடையில் தனிக் குவளை கண்ட நாட்டினராகிய நமக்கு அந்தத் தனி மேசையை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அண்மையில் நாம் பார்த்த படங்களுக்கு வருவோம். 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. டில்லி திரும்பிப் பார்க்கவில்லை. 2021-இல் இருளர்குல மக்கள்மீது நடந்த காவல்நிலையக் கொடுமையைச் சொன்ன 'ஜெய் பீம்', அதே ஆண்டின் 'கர்ணன்', இரண்டுக்கும் ஒன்றுமில்லை. ஆகஸ்டு 2025-இல் அறிவித்த பரிசுகளிலோ, கேரள முதலமைச்சராயிருந்த பினராயி விஜயன் மதவெறுப்பை வளர்ப்பதென்று கண்டித்த 'தி கேரளா ஸ்டோரி' படத்துக்குச் சிறந்த இயக்குநர் பரிசு! எல்லாம் சூழ்ச்சி என்று முடித்துவிட்டால் நமக்கு வேலை எளிது. ஆனால் உண்மை இடறுகிறது. காவல்துறையின் வதையைக் காட்டிய 'விசாரணை'க்கும், நிலத்தையும் சாதியையும் பேசிய 'அசுர'னுக்கும் அதே டில்லிதான் பரிசளித்தது. உசிலம்பட்டிப் பக்கத்து மண்ணில் உசிலம்பட்டி மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' 2021-க்கான சிறந்த தமிழ்ப்படமாயிற்று. அதில் நடித்த முதியவர் நல்லாண்டி, படம் திரைக்கு வருமுன்பே இறந்துவிட்டார். சிறப்புப் பாராட்டு அவர் பெயருக்குப் பின்னர் வந்தது. அந்தப் படத்தில் சாமியும் உண்டு, மயிலும் உண்டு. பகுத்தறிவாளராகிய நாம் முகம் சுளிக்கலாமா என்று நம்மில் ஒருவர் கேட்டார். சுளிக்கவில்லை. கிழவர் நாற்றைத் தொடும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குள்ளும் பார்ப்போம். தமிழ்நாட்டரசின் திரைப்பட விருதுகள், அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்ற 1967-இலிருந்து வருபவை. ஆனால் தொடர்ந்து வருபவை அல்ல. 2009 முதல் 2014 வரையான ஆறாண்டுப் பரிசுகளை, 2022 செப்டம்பரில் கலைவாணர் அரங்கில் ஒரே நாளில் கொடுத்தார்கள். பதின்மூன்றாண்டுப் பழைய படத்துக்குப் பதக்கம்! கேட்டால் முந்தைய ஆட்சியைக் காட்டுவார்கள். காட்டட்டும். டில்லியைச் சாடும் நாவு இதையும் சொல்லவேண்டும். இல்லையேல் அதற்குப் பெயர் பகுத்தறிவல்ல, பக்தி.

இறுதியாக, 'கூழாங்கல்'. நம் மதுரை வட்டாரத்து இளைஞர் பி.எஸ். வினோத்ராஜ், மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுத்த முதற்படம். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர விழாவில் புலிப்பரிசு பெற்றது. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. இறுதிப் பட்டியலை எட்டவில்லை. நம் கொட்டகைகளை அது எட்டவே இல்லை. 2023-இல் இணையவழியாகத்தான் காணக் கிடைத்தது. மேலூர் வெயிலை ஐரோப்பியர் பார்த்து இரண்டாண்டு கழித்து நாம் பார்த்தோம்.

பந்தயத்தில் வென்ற நண்பரையும் அழைத்து, படிப்பகத்துச் சுவரில் அதை ஓட்டினோம். குடிகாரத் தந்தையும் சிறுவனும், கோபித்துப்போன தாயைத் தேடி அனல் பறக்கும் வெட்டவெளியில் நடக்கிறார்கள். நாவறட்சிக்குச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். பாட்டில்லை, வசனம் அதிகமில்லை. பாதிப் படத்தில் விளக்கைப் போட்டு, "இப்போது சொல்லுங்கள், முடிவு என்ன?" என்று நண்பரைக் கேட்டோம். தலையைச் சொறிந்தார். "போடுங்கள், பார்ப்போம்" என்றார்.

கடைசிக் காட்சியில், ஊற்றுக்குழியில் கசியும் நீரை ஒரு பெண் சிறிது சிறிதாக மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மற்றப் பெண்கள் காத்திருக்கிறார்கள். காமிரா நகரவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "அந்தக் கொடம் நெறைய இன்னும் எம்புட்டு நேரமாகும்ப்பா?" என்று நண்பரைக் கேட்டார்.