ஏசி போட்டா சூடாகாத கார்

போன எபிசோடு முடியும்போது எங்க வீட்டுப் பழைய காரைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டு விட்டுட்டேன். இன்னைக்கு அந்தக் கதை. கூடவே நூறு வருஷத்துக்கு மேலான வரலாறும் வரும்.

பிரச்சனை இதுதான்: அப்பா ஓட்டினா எஞ்சின் சூடாகும், நான் ஓட்டினா ஆகாது. அதுவும் தினமும் இல்ல. கத்திப்பாரா நெரிசல்ல முள்ளு சிவப்புக்கு ஏறிடும், ஓரம்கட்டி நிக்கணும். மறுநாள் அதே ரோட்ல நான் போனா ஒண்ணுமே இருக்காது. அப்பாவுக்கு 68 வயசு. "இனிமே அவர் கையில சாவி குடுக்காதே"ன்னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க. மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழட்டணும்னார்.

முதல் கார்ல இந்தக் குழப்பம் கிடையாது. 1888 ஆகஸ்ட்ல பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ்கிட்ட சொல்லாம, ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு அந்த மூணு சக்கர வண்டியை மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல. அதுல தண்ணி கொதிச்சு ஆவியாப் போறதுதான் கூலிங். வழியெல்லாம் தண்ணி தேடி ஊத்திக்கிட்டே போகணும். தீர்ந்தா சூடு, ஊத்தினா சரி. ஒளிவுமறைவு இல்லாத வண்டி.

அந்த வேலையைக் குறைச்சவர்ல முக்கியமானவர் வில்ஹெல்ம் மேபாக். 1900 கடைசியில தயாரான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸுக்கு அவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சார். 6 மில்லிமீட்டர் அகலத்துல சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. காத்து குழாய்க்குள்ள போகும், தண்ணி அதைச் சுத்தி ஓடும். பின்னாடி சின்னதா ஒரு ஃபேன். வேகமாப் போறப்போ எதிர்காத்தே போதும். ஊர்ந்து போறப்போ காத்தை இழுக்க ஆள் வேணுமே! இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1908ல வந்த ஃபோர்டு மாடல் டியில பெரும்பாலும் தண்ணி பம்பே கிடையாது. சூடான தண்ணி தானா மேல ஏறும், ஆறினது கீழ இறங்கும். மேட்ல கொதிச்சா நிறுத்தி ஆறவிடணும், அவ்வளவுதான்.

அப்புறம் தெர்மோஸ்டாட் வந்தது. 1930கள்ல மெழுகு வெச்ச வால்வு. சூட்ல மெழுகு உருகி விரிஞ்சா வழி திறக்கும். என்னைக் கேட்டா, கதை மாறுறது இங்கதான். எப்போ குளிரணும்னு முடிவெடுக்க ஒரு பொருள் உள்ள வந்துடுச்சு. அப்படி ஒண்ணு இருந்தா, அது சில நாள் மட்டும் தப்பா முடிவெடுக்கும். நம்ம ஊர் மெக்கானிக் நிறைய பேர் அந்த வால்வையே கழட்டிக் கடாசிடுவாங்க. எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். எங்க கார்லயும் யாரோ எப்பவோ கழட்டியிருந்தாங்க. ஆக, சந்தேகப் பட்டியல்ல ஒண்ணு குறைஞ்சது.

பின்னாடி சின்ன கார்கள்ல எஞ்சினைக் குறுக்கா வெச்சாங்க. முன்னாடி இருக்கிற ஃபேனை எஞ்சின் பெல்ட்டால சுத்துறது கஷ்டமாச்சு. அதனால மின்சார ஃபேன், அதை ஆன் பண்ண தண்ணிச் சூட்டைப் பார்க்கிற ஒரு சுவிட்ச். எங்க காரும் அந்த ரகம்தான்.

கூலன்ட் குறையல, வெள்ளைப் புகை இல்ல, ஆயில் பால் மாதிரி ஆகல. கேஸ்கெட் மேல எனக்கு நம்பிக்கை வரல. நெரிசல்ல மட்டும் சூடு, ஜிஎஸ்டி ரோட்ல வேகமாப் போனா சூடில்ல. மேபாக் ஃபேன் வெச்ச அதே காரணம்! அப்புறம்தான் உறைச்சது: நான் எப்பவும் ஏசி போட்டு ஓட்டுவேன். ஏசி போட்டா, எஞ்சின் சூட்டைப் பார்க்காம ஃபேன் சுத்தும். அப்பா பெட்ரோல் மிச்சம்னு ஏசியே போடமாட்டார்.

வீட்டு வாசல்ல ஏசி இல்லாம ஐட்லிங்ல விட்டேன். முதல் நாள் ஃபேன் ஒழுங்கா சுத்திச்சு, ஏமாந்தேன். மூணாவது நாள் முள்ளு ஏறிக்கிட்டே போச்சு, ஃபேன் அசையல. சுவிட்ச் வயர் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சதும் சுத்த ஆரம்பிச்சது. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, சுவிட்ச்தான் போயிருக்கு. புதுசு 700 ரூபாய்.

அப்பாகிட்ட சாவியைக் குடுத்தேன். "நான் கிளட்ச்ல கால் வெக்கறதே இல்ல"ன்னு அம்மாவுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டுக் கிளம்பினார். ஏசி போடல.