கடலில் மூழ்கிய சுடுகலன்களைப் பேணல் (இலங்கை)

நீண்டகாலம் கடலடியில் கிடந்த பீரங்கி, கைத்துப்பாக்கி முதலியவற்றின் சிதைவை நிறுத்தி, ஆய்வுக்கும் காட்சிக்கும் ஏற்ற நிலைக்குக் கொண்டுவரும் பணி. இலங்கையில் இது முறையாக வளர்ந்த இடம் காலி. வளரக் காரணம் அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல்.

ஆங்கிலேயருக்குச் சொந்தமாயிருந்த இக்கப்பலை 1653இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1659இல் நாகபட்டினத்துக்குப் பாக்கு ஏற்றிச்செல்லக் காலித் துறையில் நின்றபோது நங்கூரம் நழுவி, கரையோரம் மோதி மூழ்கியது. சிதைவை 1993இல் இலங்கை, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவு நெதர்லாந்தின் உதவியோடு 2001 முதல் அகழ்வை நடத்தியது. பொருட்களைப் பேணக் கரையிலேயே ஆய்வுகூடம் அமைந்தது.

இரும்பைக் கெடுப்பது வெறும் தண்ணீரல்ல, உப்பு. கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள வீட்டுக் கேற்றையே உப்புக்காற்று அரிக்கிறது. கடலுக்குள்ளேயே கிடக்கும் பீரங்கியின் உட்புறம்வரை குளோரைட்டு ஊறிவிடும். வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோக, எஞ்சும் காரீயகம் பழைய உருவத்தை அப்படியே தாங்கி நிற்கும். பார்வைக்கு முழுப் பீரங்கி. மேற்பரப்பைக் கத்தியால் சீவலாம். வெளியே எடுத்து உலரவிட்டால் உள்ளிருக்கும் குளோரைட்டு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து அமிலமாக மாறும். மேற்பரப்பு வெடித்துச் செதில் செதிலாக உதிரும். நூற்றாண்டுகள் கடலில் தாங்கியதைச் சில மாதக் காற்று அழித்துவிடும் என்பதே இத்துறையின் அடிப்படை எச்சரிக்கை.

ஆகவே எடுத்த பொருளை ஈரம் காயாமலே வைப்பர். சிப்பியும் மணலும் இறுகிய ஓட்டை உளியால் மெல்லத் தட்டி நீக்கி, சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைப்பர். பொருளைக் கதோட்டாக்கி, சுற்றிலும் உருக்கு வலை வைத்து மெலிந்த மின்னோட்டம் செலுத்தினால் குளோரைட்டு வெளியேறும். கரைசலை மாற்றி மாற்றி அளந்து, அளவு மிகத் தாழ்ந்த பின்னரே கழுவி உலர்த்துவர். பின் தனின் அமிலமும் மெழுகும் பூசப்படும். பெரிய பீரங்கிக்கு இதெல்லாம் முடியப் பல ஆண்டுகள் ஆகும். குழலுக்குள் மருந்தும் குண்டும் இன்னும் இருக்கலாம் என்பதால் அதையும் முதலிலேயே சோதிக்க வேண்டும்.

கைத்துப்பாக்கியின் கதை வேறு. அதன் மெல்லிய இரும்புப் பாகங்கள் பெரும்பாலும் முற்றாகக் கரைந்துவிடும். இறுகிய ஓட்டுக்குள் அவற்றின் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, அவ்வெற்றிடத்தில் பிசின் வார்த்து, ஓட்டை உடைத்தால் விசையும் குழலும் அச்சாக வெளிவரும். பித்தளைப் பூண்கள் ஓரளவு தப்பும். மரப்பிடிக்கு மெழுகு போன்ற வேறு பொருளை ஊட்டவேண்டும்.

மீண்டும் சுடவைப்பது இப்பணியின் நோக்கமன்று. அரிபட்ட குழல் அழுத்தம் தாங்காது, சுடுபவர் கையிலேயே வெடிக்கும். ஆனால் இயக்கம் மீளவே மீளாது என்பதும் சரியல்ல. 1872இல் மூழ்கிய சாந்தோ என்ற நீராவிக்கப்பலின் இயந்திரத்தை 1985இல் எடுத்த மேற்கு அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தார், பல ஆண்டுகள் உழைத்துக் கையால் சுழலும் நிலைக்குக் கொண்டுவந்தனர். பொறுமைக்கு அதைவிடச் சிறந்த சான்று இத்துறையில் அரிது.

காலியில் அந்தப் பொறுமைக்குப் பெரிய அடி விழுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையிலிருந்த ஆய்வுகூடத்தை அழித்தது. பேணலில் இருந்த பொருட்கள் பலவும் அடித்துச் செல்லப்பட்டன. கடலடியில் விட்டுவைத்த சிதைவோ பெரிதும் தப்பியது. எடுக்காமல் விடுவதும் பேணலே என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. காலியின் கடல்சார் அருங்காட்சியகம் 2010இல் மீளத் திறக்கப்பட்டது.

பழைய சுடுகலன்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கும், புதியவை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும் உட்படும். எதையேனும் கண்டெடுத்தவர் தாமே துடைத்து எண்ணெயிடாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.