பலபரிமாண அணியில் மதிப்பைத் தேடுதல்: ரூபினின் வாசிப்பு குறித்து ஒரு மறுபரிசீலனை

ஒன்றுக்கு மேற்பட்ட சுட்டெண்களைக் கொண்டு உறுப்புகளை அடையும் தரவமைப்பான பலபரிமாண அணியில் குறித்த மதிப்பொன்று உள்ளதா என்னும் வினா, நிரலாக்க வரலாற்றில் பெரும்பாலும் பின்னலான மடக்குகளிலிருந்து வெளியேறும் சிக்கலாகவே பேசப்பட்டு வந்துள்ளது. இப்பார்வையை மிக வலுவாக முன்வைத்தது, ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் 1987 மார்ச்சில் வெளிவந்த ஃப்ராங்க் ரூபினின் கடிதமாகும். ‘கோ டு’ என்னும் தாவல் கூற்றைக் கண்டித்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதியதற்கு எதிராக, அவ்வெழுத்தின் தலைப்பையே திருப்பித் தாக்கும் தலைப்புடன் அக்கடிதம் அமைந்தது.

ரூபின் எடுத்துக்கொண்ட கணக்கு எளியது: நிரைகளும் நெடுவரிசைகளும் சம எண்ணிக்கையில் அமைந்த முழு எண் அணியொன்றில், எல்லா உறுப்புகளும் சுழியாக உள்ள முதல் நிரை எது? சுழியல்லாத மதிப்பு நிரையில் உள்ளதா என்று கேட்டு, இருந்தால் அந்நிரையைத் தள்ளுவதே இதன் உட்கிடை என்பதால், இது மதிப்புத் தேடலின் மறுபக்கமே. தாவல் கூற்று இருந்தால் நிரல் சுருக்கமாகிறது, அதை விலக்கினால் கூடுதல் கொடிமாறிகளும் சோதனைகளும் தேவைப்படுகின்றன என்பது ரூபினின் முடிவு.

அவருடைய நிரலில் தாவல் சென்று சேரும் அடையாளம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அது வெளி மடக்கின் உடற்பகுதியின் இறுதியில், அச்சிடும் கூற்றுக்கும் பின்னால் நிற்கிறது. உள் மடக்கு சுழியல்லாத உறுப்பைக் கண்டால் அங்கே தாவுகிறது. காணாவிட்டால் இயக்கம் இயல்பாக அச்சிடும் கூற்றை வந்தடைகிறது. ஆகவே ‘உள்ளதா’ என்ற வினாவின் விடை எந்த மாறியிலும் சேமிக்கப்படுவதில்லை. இயக்கம் எவ்விடத்தில் நிற்கிறதோ அதுவே விடையாகிறது. ரூபின் இதைச் சிக்கனமாகக் கண்டார். வினாவும் அதன் விடையைக் கொண்டு எடுக்கும் நடவடிக்கையும் பிரிக்கப்படாமல் கிடப்பதன் விளைவாக இதைக் காண்பதே பொருத்தம்.

தாவலின்றி எழுதியபோது நிரல் பெருத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘சுட்டெண் எல்லைக்குள் உள்ளது, மேலும் அவ்வுறுப்பு சுழி’ என்ற கூட்டு நிபந்தனையில், முதற்பகுதி பொய்த்ததும் இரண்டாம் பகுதியை மதிப்பிடாமல் விட வேண்டும் என்று தர பாஸ்கல் மொழி உறுதியளிப்பதில்லை. எனவே எல்லை கடந்த உறுப்பைத் தொடும் இடர் நிலைத்திருக்க, அதைத் தவிர்க்கவே கொடிமாறி புகுந்தது. அந்த உறுதியைச் சி மொழி முன்பே அளித்திருந்தது. ஆகவே குறை தாவல் கூற்று இல்லாமையில் அன்று, நிபந்தனையின் மதிப்பீட்டு முறையில் இருந்தது. கொடிமாறிகள் அனைத்திற்கும் இதுவே காரணம் என்று சொல்ல இயலாதெனினும், ரூபினின் ஒப்பீடு மொழியின் இயல்பைக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கில் எழுதிவிட்டது என்பதில் ஐயமில்லை.

மேலும், வினாவின் விடையையே மதிப்பாகக் கொள்ளும் மரபு ரூபினின் கடிதத்துக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே இருந்தது. கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் மொழியில், அணி முழுவதையும் சுழியோடு ஒப்பிட்டு, கிடைக்கும் ஒன்று–சுழி அணியை நிரைவாரியாக ‘மற்றும்’ செயலால் சுருக்கி, அதில் முதல் ஒன்றின் இடத்தைக் கேட்டால் ரூபினின் கணக்கு ஒரே வரியில் முடிகிறது. அத்தகைய நிரை இல்லையெனில் நிரைகளின் எண்ணிக்கையை விட ஒன்று மிகுந்த எண் கிடைக்கிறது. இம்மரபின் தொடக்கத்தை 1962இல் வெளிவந்த ஐவர்சனின் நூலில் வைப்பதா, ஏபிஎல்\360 இயங்கத் தொடங்கிய 1966இல் வைப்பதா என்பது, தாளில் எழுதிய குறியீட்டையும் கணினியில் ஓடும் மொழியையும் ஒன்றாகக் கொள்வதைப் பொறுத்தது. இக்கட்டுரை அதைத் திறந்தே விடுகிறது. ஃபோர்ட்ரானுக்கோ, இவ்வாறு ‘உள்ளதா’ என்ற வினாவின் விடையை மதிப்பாகத் தரும் ‘எனி’ என்ற உள்ளமை செயற்கூறு ஃபோர்ட்ரான் 90 தரத்தில்தான் வந்தது.

ரூபினின் பக்கம் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அவருடைய நிரல் முதல் சுழியல்லாத உறுப்பிலேயே அந்நிரையை விட்டுவிடுகிறது. அணி முழுவதையும் ஒப்பிடும் வழியோ, மொழிச்செயலி தனியே கவனித்துச் சீரமைத்தாலன்றி, ஒவ்வோர் உறுப்பையும் தொடுகிறது.

எது ‘உள்ளது’ என்பதற்கான எல்லை ஐவர்சனின் மொழிகளுக்குள்ளேயே மாறியது. ஏபிஎல்லின் உறுப்புமைச் செயற்குறி அணியின் பரிமாணம் எதுவாயினும் தனி உறுப்புகளையே பார்க்கிறது. அவர் ரோஜர் ஹுய்யுடன் 1990இல் உருவாக்கிய ஜே மொழியிலோ, இருபரிமாண அணியின் உறுப்படிகள் (தேடலில் ஒப்பிடப்படும் அலகுகள்) அதன் நிரைகளே ஆதலால், அணிக்குள் கண்ணெதிரே நிற்கும் ஓர் எண்ணைத் தேடினாலும் ‘இல்லை’ என்றே விடை வருகிறது.