1808-ஆம் ஆண்டின் இருபது காசு: தேய்மானமும் சான்றும்

சென்னையில் பழைய நாணயம் வாங்குவோர் கேட்கும் முதல் கேள்வி ‘கண்டிஷன் எப்படி?’, அடுத்தது ‘எந்த மின்ட்?’. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகள் பொறித்து வெளியிட்ட பத்துக்காசு, இருபதுகாசுச் செம்பு நாணயங்களில் இரண்டாம் கேள்விக்கு வேலையில்லை. நாணயசாலைக் குறி கிடையாது. எல்லாம் பர்மிங்காமுக்கு அருகே மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரம் அடித்தவை. ஆக, விலை முழுவதும் கண்டிஷனில் போய் நிற்கிறது. 1808-ஐப் பற்றிய ஒரு தவறான வாசிப்புக்கு இதுவே இடங்கொடுத்தது என்று கருதுகிறேன்.

சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதில் டன் கணக்கில் இந்தக் காசுகள் இருந்தன. 1980-களில் மீட்கப்பட்டவை சந்தையில் குவிந்தன. பளபளப்பான 1808 காசு இன்று எளிதாகக் கிடைப்பது இதனால்தான். இதிலிருந்து சேகரிப்பாளர் சிலர் ஒரு படி மேலே போனார்கள்: 1808 காசு சென்னைக்கு வந்து சேரவே இல்லை; இங்கே தேய்ந்த நிலையில் கிடைப்பவை 1803-ஐத் தப்பாகப் படித்தவை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேய்ந்த செம்பில் 3-க்கும் 8-க்கும் இடையே இருப்பது இடப்பக்கத்து இரண்டு மெல்லிய வளைவுகள் மட்டுமே.

மயிலாப்பூர் மாடவீதியில் ஓர் அடகுக் கடையின் பழைய பெட்டியிலிருந்து வந்த இருபதுகாசு ஒன்று என்னிடம் இருக்கிறது. கம்பெனிச் சின்னத்தைத் தாங்கும் சிங்கங்கள் மழுங்கிவிட்டன. மறுபுறம் ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’ (இருபது காசு நாலு ஃபலூஸ்) என்ற பாரசீக வரியில் முற்பாதிதான் தேறுகிறது. விளிம்பருகே ஒரு துளை. பிள்ளைகள் அரைஞாணில் கோத்துக் கட்டியது போலும். துளையின் ஒரு பக்கம் நூல் உரசி உரசிப் பள்ளமாகிவிட்டது. பட்டியல் விலைப்படி இது குப்பை.

ஆனால் ஆண்டைப் பாருங்கள். கடைசி எண்ணை ஒப்பிட வெளியே போகவேண்டியதில்லை. அதே வரிசையில் இரண்டாவதாக ஐயத்துக்கிடமில்லாத 8 ஒன்று நிற்கிறது. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அதன் மேல்வளைவின் இடப்பக்கம் எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ, கடைசி எண்ணிலும் அவ்வளவே எஞ்சியிருக்கிறது. கீழ்வளைவு இரண்டிலுமே போய்விட்டது. 3-க்கு மேலே இடப்பக்கச் சுவர் கிடையாது. ஆகவே இதை 1808 என்றே படிக்கிறேன். கடலிலிருந்து வந்த காசைப் பிற்காலத்தில் துளையிட்டிருக்கலாமே என்றால், நூல் அறுத்த பள்ளமும் நாணயத்தின் முகமும் ஒரே கருமை பாய்ந்திருப்பதற்கு விடை சொல்லவேண்டும்.

ஒரு காசை வைத்து ஒரு வரலாறா என்று கேட்கலாம். மறுப்புக்கு ஒரு காசு போதும். ‘வரவே இல்லை’ என்பது ஒன்றைக்கூடத் தாங்காத வாதம். ஓர் ஆலையின் சரக்கு முழுவதும் ஒரே கப்பலில் ஏறியது என்று கொள்ளவும் காரணமில்லை. எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தது என்பதை இந்தச் செம்பு சொல்லாது. பொறித்த ஆண்டு அடித்த ஆண்டுதான். 1809-லும் இறங்கியிருக்கலாம், அதற்குப் பிறகும் இறங்கியிருக்கலாம். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற கணக்கு 1818-இல் ரூபாய் அடிப்படை நாணயமாகும் வரை ஓடியது. அதற்குள் கைமாறத் தொடங்கியது என்று ஊகிக்கலாமே தவிர, அறுதியிட முடியாது.

பளபளக்கும் 1808 ஒன்றுகூட இந்த ஊரில் ஒரு கட்டுக் கீரை வாங்கியதில்லை. சேகரிப்பாளர் அதற்கு அதிக விலை கொடுப்பது அவர் விருப்பம். சென்னைப் புழக்கத்துக்குச் சான்று தேய்ந்ததுதான். வீட்டில் பழைய செம்புக்காசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் துலக்காதீர்கள், துளை இருக்கிறதென்று பழைய பாத்திரக்காரரிடம் எடைக்கும் போடாதீர்கள்.