பக்தாதின் புத்தக வணிகர் வரைந்த பட்டியல்

நூலாசிரியர்களையும் அவர்தம் நூல்களையும் அறிமுகம் செய்யும் கலைக்கு அரபு மொழியில் நெடிய மரபுண்டு. அம்மரபில் நாம் முதலில் நினைவுகூர வேண்டியவர் இப்னு அந்நதீம். பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்கும் 'வர்ராக்' அவர். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) அவர் இயற்றிய 'அல்ஃபிஹ்ரிஸ்த்' பத்து இயல்கள் கொண்டது. குர்ஆன், இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹு என விரியும் அது, தத்துவம், கதைகள், பிற சமயங்கள், இரசவாதம் வரை செல்கிறது. நம் மதரஸாக்களில் இந்நூலின் பெயரைக் கேட்டோர் பலர். திறந்து பார்த்தோர் சிலரே.

வணிகரல்லவா, அளவில் கறாரானவர்! ஒரு கவிஞரின் பாடல்கள் பத்துத் தாள் என்றால், அது சுலைமானித் தாள், பக்கத்துக்கு 20 வரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

ஜாபிர் இப்னு ஹய்யான் என்றொருவர் வாழ்ந்ததே இல்லை என அன்றே சிலர் வாதிட்டனர். ஈராயிரம் தாள் எழுதி உழைத்தவன் அதை வேறொருவர் பெயரில் ஏற்றுவானா என்று மறுக்கிறார் இப்னு அந்நதீம். எழுத்தின் சிரமம் அறிந்தவரின் வாதம் அது. இக்கால ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை என்பது வேறு.

1258இல் மங்கோலியர் பக்தாதைச் சூறையாடினர். அவர் குறித்துவைத்த நூல்களில் மிகப் பல இன்று எங்குமில்லை. பெயரும் சில இடங்களில் தாள் கணக்குமே எஞ்சின. ஃபிஹ்ரிஸ்தின் தொன்மையான பிரதியொன்றின் முன்பாதி டப்ளினிலும் பின்பாதி இஸ்தான்புல்லிலும் உள்ளன. விவரம் கிட்டாத இடங்களில், பின்னர் நிரப்பலாம் என ஆசிரியர் விட்டுச்சென்ற வெற்றிடங்களை அதில் காணலாம்.