நிபந்தனையும் முன்னறிவிப்பும்: உலக மாதிரியங்கள் இரண்டின் வரலாறு

1. முன்னுரை

சமூக, பொருளாதார அமைப்புகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராயும் முயற்சி 1970களில் உலகு முழுவதையும் தழுவியதாக விரிந்தது. அக்காலத்தில் தோன்றிய இரு மாதிரியங்கள் ஒன்றற்கொன்று மாறான முடிவுகளைத் தந்தன. அம்மாறுபாட்டின் வேர் கணக்கீட்டில் இல்லை. கணக்கீட்டுக்கு முன் வகுக்கப்பட்ட நிபந்தனைகளில் இருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. உலகம்-3

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர், தொழில் நிறுவனங்களின் போக்கை ஆராய்வதற்காக அமைப்பு இயக்கவியல் என்னும் முறையை உருவாக்கினார். அதன் அடிப்படை பின்னூட்டம் ஆகும். மக்கள்தொகை பெருகினால் பிறப்பு மிகும். பிறப்பு மிகுந்தால் மக்கள்தொகை மேலும் பெருகும். உணவு குறைந்தால் இறப்பு மிகுந்து அப்பெருக்கம் தடைப்படும்.

இம்முறையைப் பின்பற்றி, ரோம் கழகத்தின் பொருட்டு டெனிஸ் மெடோஸ் தலைமையிலான குழு உலகம்-3 என்னும் மாதிரியத்தை அமைத்தது. மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, மீளாத வளங்கள், மாசு ஆகியவற்றின் உறவுகள் டைனமோ என்னும் கணிப்பொறி மொழியில் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, 1900 முதல் 2100 வரை இயக்கப்பட்டன. 1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் நூலின் முடிவு இதுவே: அன்றைய போக்குகள் மாறாது தொடர்ந்தால், 100 ஆண்டுகளுக்குள் வளர்ச்சி தன் எல்லையை எட்டும். போக்குகளை மாற்றினால் நிலைத்த சமநிலை இயலும் என்றும் அந்நூல் கூறியது. பொது விவாதத்திலோ 'தொடர்ந்தால்' என்னும் எச்சம் உதிர்ந்து, 'எட்டும்' என்னும் முற்று மட்டுமே எஞ்சியது.

3. பரிலோச்சே மாதிரியம்

1973இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளங்களும் மாசும் பற்றிய எடுகோள்களை மாற்றினால் வீழ்ச்சி தோன்றாது எனக் காட்டினர். அர்ஜென்டினாவின் பரிலோச்சே நிறுவனத்தார் இதனினும் ஒருபடி மேலே சென்றனர். அமில்கார் ஹெரேரா தலைமையில் 1976இல் வெளிவந்த அவர்தம் மாதிரியம், உலகை ஒரே அலகாகக் கொள்ளாமல் வளர்ந்த நாடுகள், இலத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என நான்காகப் பகுத்தது. இன்றைய போக்கு தொடர்ந்தால் என்ன நேரும் என்று அது வினவவில்லை. உணவு, உறைவிடம், கல்வி, உடல்நலம் ஆகியவை அனைவருக்கும் கிடைக்க வேண்டுமெனில் உழைப்பையும் முதலையும் எவ்வாறு பங்கிட வேண்டும் என்று வினவியது. பிறப்பின்போதுள்ள ஆயுள் எதிர்பார்ப்பை மிகுவிப்பதே அதன் அளவுகோல். தடை இயற்கை எல்லையில் இல்லை, சமூக அமைப்பிலேயே உள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவு. எனினும் ஆசியப் பகுதியில் உணவு உற்பத்தி இடர்ப்படுவதை அவர்களின் கணக்கீடே காட்டிற்று.

4. முடிவுரை

இரு மாதிரியங்களின் கூற்றுகளும் நிபந்தனை வாக்கியங்களே. ஒன்றில் நிபந்தனை நிகழும் போக்கு. மற்றொன்றில் அது விரும்பிய இலக்கு. இரண்டையும் 'முன்னறிவிப்பு' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். தமிழில் அந்நிபந்தனை பெரும்பாலும் '-ஆல்' என்னும் ஈற்றிலேயே அடங்கி நிற்கிறது. அதனைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் நடைத்தெரிவன்று; மூலத்தின் பொருளைக் காப்பதேயாகும்.